பீச்வொர்த்திலிருந்து பிரைட் வரை: மூன்று நாள் இலையுதிர் காலப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

மெல்பேர்னுக்கு வந்த முதல் ஆண்டு, ஏப்ரல் மாதக் கடைசியில், "இலையெல்லாம் நிறம் மாறியிருக்கும், போய்ப் பாருங்கள்" என்று அலுவலகத்தில் சொன்னதைக் கேட்டுக் குடும்பத்தோடு காரில் ஏறிக் காட்டைத் தேடிப் போனோம். காடு கிடைத்தது. நாள் முழுக்கச் சுற்றியும் கண்ணில் பட்டதெல்லாம் பச்சைதான். பொழுது சாயும் நேரத்தில், திரும்பும் வழியில், ஒரு சின்ன ஊரின் தபால் நிலையத்துக்கு எதிரே ஒற்றை மரம் உச்சியிலிருந்து அடிவரை குங்குமமாக நின்றது. அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் காடு யூகலிப்டஸ் காடு. அது ஆண்டு முழுக்கப் பச்சைதான். குளிருக்கு இலை உதிர்க்கும் உள்நாட்டு மரம் என்று டாஸ்மேனியா மலைகளில் ஃபேகஸ் ஒன்று உண்டு. அதைப் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டும். விக்டோரியாவில் நாம் பார்க்கும் சிவப்பும் மஞ்சளும் வெளியிலிருந்து வந்த மரங்கள்: எல்ம், ஓக், பாப்லர், மேப்பிள். 1850-களில் தங்கம் தேடி இங்கே வந்து குடியேறியவர்களும், அவர்கள் அமைத்த நகர சபைகளும், விட்டு வந்த ஊரை நினைத்துக்கொண்டு தெருவோரமாக நட்டவை. ஆகவே நிறம் தேடிப் போகிறவர் பழைய ஊர்களைத் தேடிப் போக வேண்டும். கோர்ட்டு, ஜெயில், தபால் நிலையம், கல்லறைத் தோட்டம், ஆற்றங்கரைப் பூங்கா எங்கே இருக்கிறதோ அங்கேதான் நல்ல மரங்களும் இருக்கும். ஊரின் கதையும் இலையின் நிறமும் ஒரே தெருவில் கிடைக்கும்.

அப்படிப்பட்ட ஊர்கள் விக்டோரியாவின் வடகிழக்கில், மலையடிவாரத்தில், ஒன்றுக்கொன்று அரை மணி, ஒரு மணி தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. பீச்வொர்த், யாக்கண்டாண்டா, பிரைட், வாண்டிலிகாங். முதல் தடவை போகிறவர்களுக்காக, நாங்கள் பல ஆண்டுகளாகப் போய்வரும் மூன்று நாள் சுற்றை அப்படியே எழுதுகிறேன். மெல்பேர்னிலிருந்து போய்த் திரும்ப மொத்தம் சுமார் 750 கிலோமீட்டர் வரும்.

முதலில் தேதி

மற்ற எதையும்விட இதுதான் முக்கியம். ஏப்ரல் 20-க்கும் மே முதல் வாரத்துக்கும் இடையில் ஒரு தேதியைப் பிடியுங்கள். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனால் இந்தப் பத்துப் பதினைந்து நாளில் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

ஏன் அந்த நாட்கள் என்று தெரிந்துகொண்டால் தேதியை நீங்களே கணிக்கலாம். இலைக்குப் பச்சை தருவது பச்சையம். பகல் குறுகி இரவு குளிர ஆரம்பித்ததும் மரம் பச்சையத்தைப் பிரித்து, அதிலிருக்கும் சத்தைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் அதற்கடியில் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. எல்ம், பாப்லர், கிங்கோ எல்லாம் மஞ்சளாவது இப்படித்தான். சிவப்பின் கதை வேறு. இலைக்குள் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மரம் அந்தக் கடைசி வாரங்களில் புதிதாகச் செய்யும் சாயம் அது. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் சேர்ந்தால் சிவப்பு ஏறும். மூட்டமும் மழையுமாக இருந்தால் மங்கும். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்ற வாதாங்கொட்டை மரம் உதிர்வதற்கு முன் சிவந்ததைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமான காட்சி இல்லை. இங்கே ஒரு தெரு முழுக்க அது நடக்கிறது.

எல்லா மரமும் ஒன்றாக மாறாது. கிளாரெட் ஆஷ் முந்திக்கொள்ளும். பெயருக்கேற்ற ஒயின் நிறம், தெற்கு ஆஸ்திரேலியாவில் உருவான ரகம். அதன் பின்னாலேயே மேப்பிளும் லிக்விடாம்பரும். எல்மும் பாப்லரும் ஏப்ரல் கடைசியில். ஓக்கில் பின் ஓக் (Pin Oak) என்ற ரகம் எல்லாவற்றுக்கும் பிந்தி, மே மாதத்துக்குள்ளும் செம்பழுப்பாக நிற்கும். ஆகவே வேலை காரணமாக ஒரு வாரம் பிந்திப்போனால் மனம் தளர வேண்டாம், ஓக் உங்களுக்காகக் காத்திருக்கும். முந்திப் போவதைவிடப் பிந்திப் போவது மேல் என்பது என் அனுபவம்: தரையில் கிடக்கும் நிறமும் நிறம்தானே.

காற்று ஒன்றுதான் பகை. பலத்த காற்று அடித்தால் ஓர் இரவில் பாதி மரம் மொட்டையாகிவிடும். வானிலை அறிக்கையில் புயல்காற்று எச்சரிக்கை தெரிந்தால், அதற்கு முந்தைய நாளே போக முடியுமா என்று பாருங்கள்.

ஏப்ரல் 25 ஆன்ஸாக் தினம், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள். அரசு விடுமுறை; பெரும்பாலான கடைகள் பகல் ஒரு மணிவரை திறக்காது. அதை ஒட்டிய நாட்களில்தான் பிரைட் ஊரின் இலையுதிர் விழாவும் நடக்கும். சந்தை, இசை, கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள். மரங்களைப் பார்க்க என்றால் விழாவுக்கு அடுத்த செவ்வாய், புதன் அருமையான நாட்கள். ஒரு சங்கடம்: வார நடுவில் சில உணவகங்களும் கடைகளும் மூடியிருக்கும். நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

தங்குமிடமும் வண்டியும்

முதல் இரவு பீச்வொர்த், இரண்டாம் இரவு பிரைட். இந்த வரிசைதான் நல்லது. வார இறுதியில் பல விடுதிகள் இரண்டு இரவுக்குக் குறைந்து தர மாட்டார்கள். அப்படியானால் இரண்டு ஊருக்கும் நடுவில், இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கும் மிர்ட்டில்ஃபோர்டில் இரண்டு இரவும் தங்கிவிடலாம். வாடகையும் பெரும்பாலும் குறைவு. இந்த இரண்டு வாரத்துக்கு பிரைட்டில் இடம் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஜனவரியிலேயே பதிவு செய்துவிடுங்கள். சமையலறை உள்ள யூனிட் கிடைத்தால் அதையே எடுங்கள், காரணம் கீழே.

வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தைப் படிக்க வேண்டும்: தார் போடாத சாலையில் ஓட்டலாமா, இரவில் விலங்கு மோதினால் காப்பீடு உண்டா. இந்தச் சுற்றில் எல்லாம் தார்ச் சாலைதான். ஆனால் விலங்கு விஷயம் உண்மையானது. ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவிடுவார்கள். மாதக் கடைசியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கங்காருவும் வாம்பட்டும் சாலைக்கு வருவது அந்நேரம்தான். ஐந்து மணிக்குத் தங்குமிடத்தில் இருப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு குறுக்கே வந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிரேக் பிடியுங்கள். திருப்பினால் மரத்தில் போய் முடியும்.

கார் இல்லாதவர்கள் வாங்கரட்டா வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். அப்படிப் போகிறவர்கள் நாலு ஊர் சுற்றப் பார்க்காமல் பிரைட்டில் மட்டும் இரண்டு நாள் இருப்பது நல்லது.

குளிர் உடை கட்டாயம். விடியலில் நாலைந்து டிகிரி இருக்கும், மதியம் பதினெட்டுக்கு ஏறும். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றிக்கொள்ளலாம். நனைந்த இலை எண்ணெய்த் தரைபோல வழுக்கும், அதனால் அடி தேயாத காலணி. பாட்டி, தாத்தாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

சாப்பாடு. ஒரு தடவை இரவு எட்டேகாலுக்கு ஒரு கிராமத்து பப்பில் போய் உட்கார்ந்தோம். "கிச்சன் மூடியாச்சு" என்றார்கள். ஊரில் வேறு கடையே கிடையாது. பிள்ளைகள் அன்று பிஸ்கட்டும் ஆப்பிளும் தின்றுவிட்டுத் தூங்கினார்கள். இந்த ஊர்களில் காபிக் கடைகள் பிற்பகல் மூன்றுக்கே நாற்காலியைக் கவிழ்த்துவிடும். பப்புகளில் இரவு எட்டோடு சமையல் முடிந்துவிடும். இப்போதெல்லாம் முதல் நாளுக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், இரண்டாம் நாளுக்கு யூனிட்டில் வைக்க அரிசியும் ரசப்பொடியும் கையோடு போகும். சைவக்காரர்களுக்கு பப்பில் பூசணி சூப்பும் பீட்சாவும் கிடைக்கும். சூப்பில் கோழிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: ஹியூம் சாலை, பீச்வொர்த்

காலை ஏழுக்குள் கிளம்பிவிடுங்கள். ஹியூம் ஃப்ரீவேயில் வேக வரம்பு பெரும்பாலும் 110. ஊரைத் தாண்டியதும் கொஞ்ச தூரத்துக்குச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் வரிசையாக இருக்கின்றன. கேமராவைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பவர்களும் அதில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு மணி நேரம் ஓட்டியபின் பெனல்லாவில் ஏரிக்கரையில் காலைச் சாப்பாடு. சுவரோவியங்களுக்குப் பேர்போன ஊர், நடந்து பார்க்கலாம்.

அடுத்து கிளென்ரோவன், அரை மணி நிறுத்தம் போதும். 1880 ஜூனில் நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு போலீசோடு கடைசிச் சண்டை போட்ட இடம். கவசம் ஏறக்குறைய 44 கிலோ. அவனை வீரன் என்பவர்களும் கொலைகாரன் என்பவர்களும் இன்றைக்கும் இங்கே சரிபாதி இருப்பார்கள். அவன் கதையின் அடுத்த பகுதி பீச்வொர்த்தில் இருப்பதால்தான் இங்கே நிற்கச் சொல்கிறேன்.

மதியத்துக்குள் பீச்வொர்த் வந்துவிடலாம். ஃபோர்ட் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டுவிடுங்கள், அன்றைக்கு அது தேவைப்படாது. 1852-இல் இங்கே தங்கம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் கோர்ட்டு, கருவூலம், தந்தி நிலையம், தங்க அதிகாரியின் அலுவலகம் எல்லாம் இந்த மண்ணின் கருங்கல்லாலேயே எழுந்தன. கருங்கல் என்றதும் நம் கோயில் மதில் நிறம் நினைவுக்கு வரும். இந்தக் கல் தேன் நிறம். பிற்பகல் மூன்றரை மணி வெயில் அதில் சாய்வாக விழும்போது, முன்னால் நிற்கும் மஞ்சள் மரமும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே வெளிச்சத்தில் தோய்ந்துவிடும். பயணத்தில் நான் அதிகம் காத்திருக்கும் நேரம் அது.

கோர்ட்டு 1858-இல் கட்டியது. 1880 ஆகஸ்டில் நெட் கெல்லியை முதலில் நிறுத்தியது இங்கேதான். நவம்பர் 11-ஆம் தேதி மெல்பேர்னில் தூக்கிலிட்டார்கள். உள்ளே போய்க் குற்றவாளிக் கூண்டின் மரக்கட்டையைத் தொட்டுப் பாருங்கள். ஆயிரம் கைகள் பிடித்து வழுவழுப்பானது. வெளியே வந்து டவுன் ஹால் தோட்டத்தில் பழைய மரங்களுக்கடியில் பிள்ளைகளை ஓட விடுங்கள். இலைக் குவியலில் குதிப்பதைவிட அவர்களுக்கு வேறு வேடிக்கை வேண்டாம்.

எல்ம் மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒரு பூஞ்சை நோய் வந்து கோடிக்கணக்கான எல்ம் மரங்கள் அழிந்துபோயின. ஆஸ்திரேலியாவுக்கு அந்த நோய் இன்னும் வரவில்லை. ஆகவே முதிர்ந்த எல்ம் வரிசைகளுக்கு உலகத்தில் மிச்சமிருக்கும் நல்ல இடங்களில் விக்டோரியாவும் ஒன்று. அவற்றின் அடியில் நடக்கும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். தாய் நாட்டில் பேரப்பிள்ளைகள் பார்க்கக் கொடுத்துவைக்காத மரம் அது.

மறுநாள் காலைக்கு என்று தள்ளிப்போடாமல் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்விடுங்கள். ஒரு மூலையில் இரண்டு சிறிய கோபுரங்கள் நிற்கும். 1857-இல் சீனத் தொழிலாளர்கள் இறந்தவர்களுக்காகக் காகிதப் பிரார்த்தனைகளை எரிக்கக் கட்டியவை. ஆயிரக்கணக்கான சீனர்கள் இந்தத் தங்க வயல்களில் உழைத்தார்கள். அதே 1857 ஜூலை 4-ஆம் தேதி, நாளைக்கு நீங்கள் போகப்போகும் பிரைட்டுக்குப் பக்கத்தில் உள்ள பக்லண்ட் பள்ளத்தாக்கில், வெள்ளைத் தொழிலாளர்கள் கும்பலாகக் கிளம்பி சுமார் இரண்டாயிரம் சீனர்களை அடித்து விரட்டினார்கள், கூடாரங்களைக் கொளுத்தினார்கள். பிழைக்க வந்த இடத்தில் மண்ணுக்குள் போனவர்கள் என்பதால், அவர்களின் கல்வெட்டு வரிசைக்கு முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை. இந்த ஊர்களின் அழகைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாம் நாள்: யாக்கண்டாண்டா, மலை வழி, பிரைட்

காலையில் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்டான்லிக்கு ஒரு சுற்று போய் வரலாம். ஆப்பிள், செஸ்ட்நட் விளையும் மேட்டு நிலம். சாலையோரத்தில் பைகளில் பழத்தை வைத்துப் பக்கத்தில் ஓர் உண்டியலை வைத்திருப்பார்கள். ஆள் இருக்க மாட்டார்கள். நாமே காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

செஸ்ட்நட்டில் ஓர் எச்சரிக்கை. பூங்காக்களில் ஹார்ஸ் செஸ்ட்நட் என்ற மரமும் உண்டு, கொட்டையும் ஏறக்குறைய அதே மாதிரி பளபளப்பாக இருக்கும், அது நஞ்சு. மேல்தோட்டைப் பாருங்கள். முள்ளம்பன்றிக் குட்டிபோல நெருக்கமான மெல்லிய முட்கள் இருந்தால் சாப்பிடும் செஸ்ட்நட். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முட்கள் இருந்தால் தொட வேண்டாம். சந்தேகம் இருந்தால் கடையில் வாங்குவதே உத்தமம். இரவு யூனிட்டில் சுடும்போது ஒவ்வொரு கொட்டையிலும் கத்தியால் ஒரு சிலுவைக் கீறல் போடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். தோல் சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் பலாக்கொட்டைக்கும் நடுவில் ஒரு ருசி.

இன்னொரு எச்சரிக்கை இதைவிடப் பெரியது. ஓக் மரத்தடியில் இந்தப் பருவத்தில் முளைக்கும் காளான்களைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெத் கேப் என்ற காளான் விக்டோரியாவில் ஓக் வேர்களோடு சேர்ந்து வளர்கிறது. வெளிர் மஞ்சள் கலந்த பச்சைக் குடை, அடியில் வெள்ளை மடிப்பு; பார்வைக்கு ஒன்றுமறியாதது மாதிரி இருக்கும். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது, ஈரலைத் தின்றுவிடும். யாராவது வாயில் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் 13 11 26 என்ற நச்சுத் தகவல் எண்ணை அழையுங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் அவசர உதவி எண் 000.

பீச்வொர்த்திலிருந்து யாக்கண்டாண்டா இருபது நிமிடம். ஒரே ஒரு கடைத்தெரு. அதுவே ஊரின் அழகு: தாழ்வாரம் வைத்த பழைய கடைகள், அவற்றின் தகரக் கூரைமேல் சாயும் மரங்கள். ஒரு மணி நேரம் நடந்து, ஒரு காபி குடித்துவிட்டு, பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ள பெட்ரோல் பங்க் ஊர்க்காரர்கள் பங்கு போட்டு எடுத்து நடத்துவது.

அங்கிருந்து பிரைட்டுக்கு நேர்வழியில் போகாதீர்கள். கீவா பள்ளத்தாக்கு வழியாக மவுண்ட் பியூட்டி என்ற ஊருக்குப் போய், டவோங்கா கேப் கணவாய் ஏறி இறங்குங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். கணவாயில் ஒரு காட்சி மேடை இருக்கிறது. விக்டோரியாவின் உயரமான மலையான போகாங், 1,986 மீட்டர், எதிரே கிடக்கும். சாலை வளைவு நிறைந்தது, வாந்தி எடுக்கும் பழக்கமுள்ளவர்களை முன்னிருக்கைக்கு மாற்றிவிடுங்கள். பள்ளத்தாக்கில் புகை மண்டியிருந்தால் பயப்பட வேண்டாம். கோடைத் தீயைத் தடுக்கக் காட்டுக் குப்பையைத் திட்டமிட்டு எரிப்பது இந்த மாதங்களில்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்புமுன் அவசரகாலச் செயலியில் எங்கே எரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். மலைக்குள் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைட் ஊருக்குள் இந்த வழியாக நுழைந்தால் டெலனி அவென்யூ வரும். சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கைகோத்து நிற்கும் நெடுந்தெரு. நடுச் சாலையில் நின்று படம் எடுப்பவர்கள் ஆண்டுதோறும் ஓட்டுநர்களைத் திடுக்கிட வைக்கிறார்கள். ஓரத்தில் நடைபாதை இருக்கிறது. அங்கிருந்து எடுத்தால்தான் மரத்தின் முழு உயரமும் படத்துக்குள் வரும்.

மூன்றாம் நாள்: பிரைட் விடியல், வாண்டிலிகாங், வீடு

ஆறு ஐம்பது வாக்கில் விடியும். எழுந்து ஓவன்ஸ் ஆற்றங்கரைக்குப் போய்விடுங்கள். தண்ணீர்மேல் பனிமூட்டம், கரையில் மஞ்சள் பாப்லர், அதற்குப் பின்னால் அசையாத பச்சை மலை. நிறத்துக்குப் பக்கத்தில் பச்சை இருப்பதால்தான் நிறம் இவ்வளவு தெரிகிறது என்பது அங்கே நிற்கும்போது புரியும். ஆற்றையொட்டிப் போகும் கேன்யன் நடைபாதையில், தங்கம் அரிக்கத் தண்ணீர் கொண்டுவரப் பாறையில் வெட்டிய வாய்க்கால்கள் இன்னும் இருக்கின்றன.

போன் கேமரா போதும். ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள்: சூரியனை முதுகுக்கு வைத்து எடுக்காமல், இலைக்குப் பின்னால் வைத்து எடுங்கள். வெளிச்சம் ஊடுருவி வரும்போதுதான் இலை எரியும். மழை பெய்தால் அறைக்குள் இருந்துவிடாதீர்கள். நனைந்த இலையில் நிறம் இன்னும் அடர்த்தி, மரப்பட்டை கறுத்து அதை எடுத்துக்காட்டும்.

தரையில் ஐந்து முனை நட்சத்திரம்போல ஓர் இலை கிடந்தால் எடுங்கள். லிக்விடாம்பர். ஒரே இலையில் காம்போரம் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, நுனியில் கருஞ்சிவப்பு, நரம்பருகே பிடிவாதமாக ஒரு கீற்றுப் பச்சை. வெயில் பட்ட பக்கமும் படாத பக்கமும் வேறு வேறு நிறம். வேறோர் இலை மேலே விழுந்து மறைத்த இடம்கூட நிழல்போலப் பதிந்திருக்கும். கசக்கி முகர்ந்து பாருங்கள். குங்கிலியத்தை நினைவூட்டும் பிசின் வாசனை. விசிறி வடிவில் இருந்தால் கிங்கோ.

1890-இல் இந்த ஊருக்கு வந்த ரயில் பாதையை எடுத்துவிட்டு அதன்மேல் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். பழைய ஸ்டேஷனிலிருந்து போரபங்கா வரை ஆறேழு கிலோமீட்டர், சமதளம். வாடகைக்கு சைக்கிள் கிடைக்கும். பத்து வயதுப் பிள்ளையும் போய்வரலாம். நேரமும் தெம்பும் இருப்பவர்கள் போரபங்காவிலிருந்து மவுண்ட் பஃபலோ ஏறலாம். பாதை திறந்திருக்கிறதா என்று பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். அங்கே மேலே நிறம் கிடையாது, பாறையும் பனி யூகலிப்டஸும்தான். எனக்கு இந்தப் பயணத்தில் அதற்கு நேரம் ஒதுக்க மனம் வருவதில்லை.

அதற்குப் பதில் வாண்டிலிகாங். பிரைட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஒரு காலத்தில் தங்கத்துக்காக ஜனம் மொய்த்த பள்ளத்தாக்கு, இன்றைக்கு ஒரு பப்பு, சில வீடுகள், சின்ன நூலகம், ஓடையோரம் பாப்லர் வரிசை. சுற்றுலாக் கூட்டம் பிரைட்டோடு நின்றுவிடும். ஓடையைத் தாண்டத் தொங்கு பாலம் இருக்கிறது. காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் திட்டமிடாமல் நடங்கள். காற்று கொஞ்சம் அசைந்தால் பாப்லர் இலைகள் உதிரும் சத்தம் தூறல்போலக் கேட்கும். வீட்டு வேலிகளைத் தாண்டிப் போக வேண்டாம். அழகான தோட்டம் எல்லாம் பூங்கா இல்லை, யாரோ ஒருவரின் வீட்டு முற்றம். "படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அநேகமாகச் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், மரத்தை யார் நட்டார் என்றும் சொல்வார்கள்.

திரும்பும் வழியில் மிர்ட்டில்ஃபோர்டுக்கு முன்னும் பின்னும் வயல்களில் உயரமான தகரக் கொட்டகைகள் தெரியும். புகையிலை உலர்த்திய சூளைகள். இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் பல பத்தாண்டுகள் இந்தப் பள்ளத்தாக்கில் புகையிலை போட்டார்கள். பயிர் போனாலும் கொட்டகைகள் மிச்சம். மிர்ட்டில்ஃபோர்டு தாண்டியதும் ஸ்னோ ரோடு என்ற சாலைக்குத் திரும்புங்கள். மிலாவா வழியாக அது ஹியூம் சாலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் மஞ்சளும் துருவுமாகக் கிடக்கும்.

அந்த வரிசைகளுக்குள் இறங்கிப் படம் எடுக்கக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து இறங்காதீர்கள். வடகிழக்கு விக்டோரியாவின் சில பகுதிகளில் பில்லாக்ஸெரா என்ற, திராட்சை வேரைத் தின்னும் நுண்பூச்சி இருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. காலணி மண்ணில் ஒட்டிக்கொண்டு ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். ஒருவர் வாழ்நாளெல்லாம் வளர்த்த கொடி நம் ஒரு படத்துக்காகச் சாக வேண்டாம். வேலிக்கு வெளியே நின்று எடுங்கள், காலணி மண்ணைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

இருட்டும் முன் ஹியூம் சாலைக்கு வந்துவிட்டால் மிச்சம் சுமார் இரண்டரை மணி நேரம் நிம்மதியான ஓட்டம். பிள்ளைகள் பொறுக்கிய இலைகளைக் கனமான புத்தகத்துக்குள், பக்கத்துக்கு ஒன்றாக, காகிதத்துக்கு நடுவில் வைத்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வீடு வந்ததும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் சேர்ந்திருக்கும் இலைகளைக் கையால் அள்ளி எடுத்துவிடுங்கள். மழைத்தண்ணீர் வடியும் துளை அங்கேதான் இருக்கிறது. அடைத்துக்கொண்டால் ஜூன் மழையில் தண்ணீர் காருக்குள் இறங்கும்.